முதல் போடாத முதலீட்டாளர்கள்

போன வெள்ளிக்கிழமை ரூவியில் நண்பர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. நகரி, புத்தூர், திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்துக் குடும்பங்கள் ஏழெட்டு, மாதம் ஒரு தடவை இப்படிக் கூடுவது வழக்கம். மஸ்கட்டைச் சுற்றி எவ்வளவோ மலை இருக்கிறது, ஆனால் நகரி மூக்கு மாதிரி ஒன்றுகூடக் கிடையாது என்று ஆரம்பித்து, பிரியாணிச் சட்டி காலியாகும் வரை ஊரைப் பற்றியே பேசுவோம். (தங்கமணி இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.)

கை கழுவிவிட்டு வந்தபோது ஒரு தம்பி என்னை பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனான். புத்தூர்க்காரன், இங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறான், முப்பது வயதுக்குள் இருக்கும்.

"அண்ணே, ரியல் எஸ்டேட்ல இறங்கலாம்னு இருக்கேன். ஹோல்சேலிங்."

"ஹோல்சேலா? சிமெண்ட்டா, கம்பியா?"

"ஐயோ அண்ணே, நெலம். கைக்காசே போட வேணாம்."

நாற்பதாயிரம் ரூபாய் கட்டி ஆன்லைனில் ஒரு கோர்ஸ் படித்திருக்கிறான். (கைக்காசு போட வேண்டாத தொழிலைக் கற்றுக்கொள்ள முதலில் நாற்பதாயிரம் கைக்காசு. சரி, விடுங்கள்.) அமெரிக்காவில் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்களாம். இவன் நகரியைத் தன் 'மார்க்கெட்' என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். என்னிடம் கேட்டது ஒரே ஒரு உதவி.

"உங்க தெருப்பக்கம் வயசானவங்க தனியா இருக்கிற வீடு, பசங்க எல்லாம் வெளிநாட்டுல, பெங்களூர்ல இருக்கிறவங்க, கடன்ல இருக்கிற தறிக்காரங்க, இப்படி ஒரு லிஸ்ட் மட்டும் கொடுங்கண்ணே. நம்ம பசங்க போய்ப் பேசிக்குவாங்க."

கோர்ஸில் இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பெயர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், 'மோட்டிவேட்டட் செல்லர்'. அதாவது விற்றே ஆகவேண்டிய நிலையில் இருப்பவர். பையன் கெட்டவன் இல்லை. இப்போதும் சொல்கிறேன், நல்ல பையன். ஆனால் அவன் கேட்ட லிஸ்ட்டை நான் எழுத உட்கார்ந்தால் முதல் பெயர் எங்கம்மா பெயர். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருடைய அம்மா அப்பா பெயரும் அதில் வரும். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் இந்த ஹோல்சேலிங் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் நடப்பது இதுதான். பணமுடையில் இருக்கும் வீட்டுக்காரரைக் கண்டுபிடிக்கிறாய். வீட்டை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டுச் சின்னதாக ஒரு முன்பணம் கொடுக்கிறாய். வாங்கும் எண்ணம் உனக்கு இல்லை, காசும் இல்லை. ஒப்பந்தக் கெடு முடிவதற்குள் கையில் ரொக்கம் வைத்திருக்கும் இன்னொருவரைப் பிடித்து, அந்த ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு நடுவில் ஒரு தொகையை எடுத்துக்கொள்கிறாய். விற்றது வீடு இல்லை, ஒப்பந்தக் காகிதம்.

இதற்கு ஒரு '70 சதவீத விதி'யும் உண்டு. பழுது பார்த்தபின் வீடு 100 ரூபாய் போகும் என்றால் அதில் 70 சதவீதம். அதிலிருந்து பழுதுச் செலவு, உதாரணத்துக்கு 15 ரூபாய், கழித்தால் 55. அதில் உன் பங்கு 5. ஆக வீட்டுக்காரருக்கு நீ சொல்லவேண்டிய விலை 50. இருக்கிற நிலையிலேயே 85 பெறக்கூடிய வீடு அது. நான் பி.காம். படித்தவன், லாபம் என்ற வார்த்தையைக் கண்டால் முகம் சுளிப்பவன் இல்லை. ஆனால் எந்த லாபக் கணக்கிலும் ஒரு பக்கம் பற்று இருந்தால் இன்னொரு பக்கம் வரவு இருக்க வேண்டும். இந்த 35 ரூபாய் யார் கணக்கிலிருந்து வந்தது? விலை தெரியாத ஒருவர் கணக்கிலிருந்து. விலை தெரிந்திருந்தால் அவர் 50-க்குக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். அப்படியென்றால் இந்தத் தொழிலின் மூலப்பொருள் நிலம் இல்லை, விற்பவரின் அறியாமை.

பிறந்த வீட்டிலேயே இதற்கு இப்போது மரியாதை குறைந்து வருகிறது. 2019-இல் இல்லினாய் மாநிலம், 12 மாதத்துக்குள் ஒரு தடவைக்கு மேல் இப்படிச் செய்தால் தரகர் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் ஓக்லஹோமா ஒரு சட்டம் போட்டது, அதன் பெயரிலேயே 'வேட்டையாடும்' ஹோல்சேலர் என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை இருக்கிறது. 2024-இல் தென் கரோலினாவும் கையை முறுக்கியது. அங்கே நடுவில் பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள எஸ்க்ரோ உண்டு, பட்டத்துக்கே இன்சூரன்ஸ் உண்டு. அத்தனை இருந்தும் இந்த நிலை. நம்மூரில் இவை எதுவுமே இல்லாமல் அதே தொழிலைக் கோர்ஸ் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

சொல்லிக்கொடுக்கவும் அவசியமில்லை என்பது வேறு விஷயம். நகரியில் இந்தத் தொழில் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே இருந்தது. பெயர்தான் வேறு. 'அக்ரிமெண்ட் போடறது' என்பார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் கைப்பையிலிருந்து முத்திரைத்தாளை உருவுவார், இன்னொருவர் எண்ணிக் கொடுப்பார், அதே தாள் அடுத்த வாரம் புத்தூரில் கைமாறும், அதற்கடுத்த வாரம் திருப்பதியில். நிலம் மட்டும் வேர்க்கடலை போட்டுக்கொண்டு அதே இடத்தில் இருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே செய்திருக்கிறேன்.

2007. நான் அப்போது ஒரு வங்கியில் புதுசாகச் சேர்ந்த ஆபீசர். (வங்கி ஊழியன் இப்படி வியாபாரம் செய்யக்கூடாது என்று பணிவிதியே உண்டு. அதனால் காகிதம் நண்பன் பெயரில். எவ்வளவு யோக்கியம் பாருங்கள்.) எங்கள் தெருவில் ஒரு அத்தை. ரத்த உறவு இல்லை, தெருவில் எல்லாருக்கும் அத்தை. மாமா போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம், வீட்டில் நாலு விசைத்தறி, கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு பெண், புத்தூர் ரோட்டுப் பக்கம் 40 சென்ட் மேட்டு நிலம். சென்ட் 6,000 என்று பேசினோம், மொத்தம் 2,40,000. முன்பணம் 25,000, நானும் நண்பனும் ஆளுக்கு 12,500 போட்டோம். மூன்று மாதக் கெடு. ஒப்பந்தம் தெலுங்கில் எழுதியிருந்தது. அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். "நீ படிச்ச புள்ள, நீ சொன்னா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

நாற்பதாவது நாள் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். சென்ட் 9,000. பத்திரம் அத்தையிடமிருந்து நேரே அவர் பெயருக்கு. வித்தியாசம் 1,20,000, எனக்கு 60,000. அந்தக் காலத்தில் என் நாலு மாதச் சம்பளத்துக்கும் மேல். பஜாஜ் பல்சர் வாங்கினேன்.

பத்திரம் பதிந்த அன்று மத்தியானம், வாங்கியவரின் டிரைவர் டீ குடித்துக்கொண்டே விலையை உளறிவிட்டார். அத்தை சண்டை போடவில்லை. சாயந்திரம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று ஒன்றுதான் கேட்டார். "ஏம்பா, அவர் ஒம்போதுக்கு வாங்க வர்றாருன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா, உனக்குக் கமிஷன் வேணும்னா நானே குடுத்திருப்பேனே?"

அந்த வருஷக் கடைசியில் கல்யாணச் செலவுக்காக நாலு தறியில் இரண்டை விற்றார்கள். பல்சரை நான் 2011-இல் விற்றுவிட்டேன். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் வைக்க முடியவில்லை. தரகராகப் போயிருந்தால் நான் அத்தையின் ஆள், அவருக்கு அதிக விலை வாங்கித் தருவது என் வேலை, வெளிப்படையாக 2 சதவீதம். ஒப்பந்தக்காரனாகப் போனதால் அத்தைக்கு எவ்வளவு குறைவோ அவ்வளவு எனக்கு அதிகம். அதே டீக்கடை, அதே நிலம், அதே 40 நாள். நின்ற பக்கம்தான் வேறு.

இப்போது கொஞ்சம் சட்டம். போரடித்தால் அடுத்த பத்திக்குத் தாவுங்கள், ஆனால் தாவியவர்கள் பிறகு என்னிடம் போனில் கேட்கக் கூடாது.

சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவு, விற்பனை ஒப்பந்தம் அந்தச் சொத்தில் எந்த உரிமையையும் தானாக உண்டாக்காது என்கிறது. நீங்கள் நிலத்தில் ஒரு கைப்பிடி மண்ணுக்குக்கூடச் சொந்தக்காரர் இல்லை. 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில், பொது அதிகாரப் பத்திரம், ஒப்பந்தம், உயில் என்று மூன்றையும் சேர்த்து வாங்கினாலும் பட்டம் மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் மாற்றும் என்று சொல்லிவிட்டது. ஆந்திராவில் 1999 ஏப்ரல் முதலே விற்பனை ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அதே விதி 2012 டிசம்பரில் வந்தது. ஆக, 2007-இல் நாங்கள் அத்தையிடம் வாங்கிய அந்தத் தாள் நகரியில் அன்றைக்கே செல்லாக்காசுக்குப் பக்கத்தில். அத்தைக்கு அது தெரியாது. வெட்கத்தை விட்டுச் சொன்னால் எனக்கும் தெரியாது.

பதிவாகாத ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு வழக்குப் போட பதிவுச் சட்டம் 49-ஆம் பிரிவில் ஒரு சந்து இருக்கிறது என்று வக்கீல் நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். இருக்கிறது, சாமி. மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும், மீதிப் பணம் என்னிடம் தயாராக இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். கைக்காசே இல்லாமல் இறங்கிய ஆள் அந்த இரண்டாவதை எப்படி நிரூபிப்பார்?

நம் மாதிரி வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. என்.ஆர்.ஐ. விவசாய நிலம் வாங்க முடியாது. தோட்டமும் பண்ணை வீடும் அப்படியே. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், விலை கொடுத்து வாங்க ஃபெமா விடாது, மீறினால் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை போகும். நகரி, நிண்ட்ரா, விஜயபுரம் பக்கம் கைமாறும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை என்ன? மாந்தோப்பு, கரும்பு, வேர்க்கடலை நிலம். மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தம்பி போடப்போகும் முதல் ஒப்பந்தமே அங்கே தடுக்கும். "மச்சான் பேர்ல போட்டுக்கலாம்ணே" என்றான். மச்சான் பெயரில் போட்டால் அது மச்சான் நிலம்.

ரொக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 ஜூன் முதல், நிலம் விற்பதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். கவனியுங்கள், கொடுத்தவருக்கு இல்லை, வாங்கியவருக்கு. இருவரும் விவசாய வருமானம் மட்டும் உள்ள, வரி கட்டாதவர்கள் என்றால் விலக்கு உண்டு. கொடுப்பது சம்பளக்காரன் என்றால் அந்த விலக்கும் போச்சு. அதாவது நம் கைப்பையில் இருந்து எடுத்துக் கொடுக்கும் கட்டு, அத்தையின் தலையில் விழும் கட்டு.

சங்கிலி நீண்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு. நிலத்துக்காரர் 20 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டு ஒருவரிடம் 1 லட்சம் முன்பணம் வாங்குகிறார். அந்த ஆள் தாளை 3 லட்சத்துக்கு அடுத்தவருக்குத் தருகிறார். அவர் 6 லட்சத்துக்கு. அதற்கடுத்தவர் 10 லட்சத்துக்கு உங்களிடம் தருகிறார். நீங்கள் நிலத்துக்காரருக்கு இன்னும் 19 லட்சம் தர வேண்டும். 20 லட்ச நிலம் உங்களுக்கு 29 லட்சம். அது நடந்தால். நடக்காவிட்டால்? நிலத்துக்காரர் கை நீட்டி வாங்கியது 1 லட்சம், அவர் திருப்பித் தருவதும் அவ்வளவுதான். மீதி 9 லட்சம் மூன்று பேர் பையில், ரொக்கமாக, ரசீது இல்லாமல். முதல் ஆளின் போன் நாட் ரீச்சபிள். இந்த நாலாவது ஆள் பெரும்பாலும் யார் என்று சொல்லத் தேவையில்லை. ஊரில் இல்லாதவர், நேரில் பார்க்காதவர், சம்பளம் ஒழுங்காக வருபவர். குவைத்தில் நர்ஸ், சிங்கப்பூரில் சூப்பர்வைசர், மஸ்கட்டில் நான்.

இந்தச் சங்கிலி அறுந்ததை நம் காலத்திலேயே எத்தனை தடவை பார்த்துவிட்டோம். துபாயில் 2008 வரை, கட்டி முடிக்காத அடுக்குமாடியின் புக்கிங் தாளை ஒரே மாதத்தில் இரண்டு மூன்று கை மாற்றினார்கள். அங்கே வேலை பார்த்த நண்பர்கள் சம்பளத்தைக் கேவலமாகப் பேசிய காலம் அது. அந்த வருஷக் கடைசியில் விலை சரிந்தபோது தாளோடு நின்றவர்கள் நின்றார்கள். அரசாங்கம் அதே 2008-இல் இந்தத் தாள்களைத் தனிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் போட்டது, 2013-இல் பதிவுக் கட்டணத்தை 2 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது.

நம் பக்கம் 2016. செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கம் ஒப்பந்தம் போட்டு வைத்தவர்கள் கதிகலங்கினார்கள். அது ஆறுவதற்குள் நவம்பர் 8 ராத்திரி, 500, 1000 நோட்டு செல்லாது. ரொக்கத்தில் ஓடிய சங்கிலி ரொக்கம் இல்லாமல் எப்படி ஓடும்? பிறகு அமராவதி. 2015 அக்டோபரில் அடிக்கல், அக்கம்பக்கத்து நிலமெல்லாம் ஒப்பந்தத்திலேயே ஏறியது. 2019 டிசம்பரில் மூன்று தலைநகரம் என்று சட்டசபையில் ஒரு பேச்சு, விலை விழுந்தது. 2024-இல் மறுபடி அமராவதி என்றார்கள். நிலத்தை வாங்கிப் பதிந்து வைத்திருந்தவர் ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து பிழைத்தார். மூன்று மாதக் கெடு ஒப்பந்தம் வைத்திருந்தவர் எதைக் கொண்டு காத்திருப்பார்?

நகரி, திருப்பதிப் பக்கம் இறங்குகிற புது ஆளுக்கு இன்னும் சில விசேஷங்கள் காத்திருக்கின்றன. கோர்ஸ்காரருக்கு இவை தெரிய வாய்ப்பில்லை. நம் ஜில்லாவில் டி.கே.டி. பட்டா என்று ஒன்று உண்டு, நிலமில்லாத ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுத்தது. 1977 சட்டப்படி அதை விற்கக்கூடாது, வாங்கினால் செல்லாது, அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். (2023-இல் பழைய பட்டாக்களுக்குக் கொண்டு வந்த தளர்வும் அதன்மேல் நடந்த பதிவுகளும் தனி ராமாயணம்.) பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் சொந்தக்காரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி வைத்த 'சுக்கல பூமி' இன்னொரு ரகம், அதற்கென்றே 2017-இல் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. திருப்பதியில் கோவில் மானியம், மடத்து நிலம். இவை எல்லாம் 22-ஏ என்ற தடைப்பட்டியலில் இருக்கும், பதிவாளர் பதிய மாட்டார். ஆனால் டீக்கடை பெஞ்சில் ஒப்பந்தம் போட 22-ஏ தடை செய்வதில்லையே! பதிய முடியாத நிலம்தான் ஒப்பந்தமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். வங்கியில் கடன் பிரிவில் இருந்தபோது இப்படித் திரும்பிப் போன பைல்கள் நிறைய பார்த்திருக்கிறேன். ஐந்து தாள் இருக்கும், கிரயப் பத்திரம் ஒன்றுகூட இருக்காது. ஒப்பந்தக் காகிதத்தின் மேல் எந்த வங்கி கடன் கொடுக்கும்?

அளவையிலும் ஒரு வித்தை. நம்மூரில் சென்ட், சென்னைக்காரருக்குச் சதுர அடி, திருப்பதியில் அங்கணம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. திருப்பதி அங்கணம் 36 சதுர அடி, நெல்லூர் அங்கணமோ 72. நகரிக் கிழவரிடம் சென்ட் கணக்கில் வாங்கி, வெளியூர்க்காரரிடம் அங்கணக் கணக்கில் சொன்னால், கேட்பவர் மனக்கணக்கு போட்டு முடிப்பதற்குள் முன்பணம் வாங்கியாகிவிடும். அங்கணம் பத்தாயிரம்தான் என்றால் மலிவாகக் கேட்கும். சென்ட்டுக்கு அது 1,21,000.

எதிர்வாதம் வரும். வரட்டும். "விற்கிறவருக்கு வாங்குபவர் கிடைக்கவில்லை, நாங்கள் கண்டுபிடித்துத் தருகிறோம், அதற்குக் கூலி வேண்டாமா?" வேண்டும். தாராளமாக வாங்கு. அதற்குப் பெயர் தரகு. விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நீ யார், எவ்வளவு வாங்குகிறாய் என்று தெரியட்டும். ரெராவில் பதிவான மனைத் திட்டத்திலோ அடுக்குமாடியிலோ தரகு பார்க்க வேண்டுமென்றால் ஏஜெண்டாகப் பதிந்துகொள். பதியாமல் பார்த்தால் நாளுக்கு 10,000 ரூபாய் வீதம், விலையில் 5 சதவீதம் வரை அபராதம் ஏறும். பதிந்துகொண்டு கௌரவமாகச் செய்கிறவர்கள் திருப்பதியில் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

"எல்லா வியாபாரமும் குறைவாக வாங்கி அதிகமாக விற்பதுதானே?" இதைத் தம்பியும் கேட்டான். மாங்காய் மண்டிக்காரர் குறைவாக வாங்கி அதிகமாக விற்கிறார், உண்மை. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறார். மாங்காய் அழுகினால் அவர் தலையில். நீ விலை ஏறினால் விற்பாய், ஏறாவிட்டால் கெடு முடிந்ததும் காணாமல் போவாய். அந்த மூன்று மாதமும் அத்தை வேறு யாருக்கும் விற்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். நஷ்டம் முழுக்க அவர் பக்கம், லாபம் மட்டும் உன் பக்கம் என்றால் முதலீட்டாளர் என்ற வார்த்தை உனக்கு எப்படிப் பொருந்தும்? முதல் எங்கே?

நிஜமாகவே நிலத்தில் இறங்க ஆசைப்படும் புது ஆளுக்கு என்னிடம் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. நகராட்சி எல்லைக்குள், அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில், தாங்குகிற அளவுக்கு ஒரு மனை. 30 வருஷ வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் வரை எல்லா இணைப்புப் பத்திரமும், 22-ஏ பட்டியலில் சர்வே நம்பர் இருக்கிறதா என்ற பரிசோதனை, என்.ஆர்.இ. கணக்கிலிருந்து வங்கி வழியாகப் பணம், உங்கள் பெயரில் பதிவு. கவர்ச்சியே இல்லாத வழி. இதற்கு யாரும் கோர்ஸ் நடத்த மாட்டார்கள்.

அதைவிட அவசரமானது ஊரில் இருக்கும் பெரியவர்கள் விஷயம். வருஷத்துக்கு ஒரு தடவை 'மீ பூமி' தளத்தில் அடங்கலும் 1-பி-யும் அப்பா பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள், வில்லங்கம் ஒன்று போட்டுப் பாருங்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு யூடியூப் பார்க்கிற நேரத்தில் ஆகிற வேலை. அம்மாவிடம் தெலுங்கில் எழுதிய எந்தத் தாளிலும், யார் கொண்டு வந்தாலும், என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதே என்று சொல்லி வையுங்கள். 'யார் கொண்டு வந்தாலும்' என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள். கொண்டு வருபவன் எதிரியாக இருக்க மாட்டான். தெருப்பிள்ளையாகத்தான் இருப்பான். நான் அப்படித்தான் போனேன்.

தம்பி இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் மறுபடி கேட்டான், லிஸ்ட் என்ன ஆச்சு என்று. ஒரே ஒரு பெயரும் நம்பரும் அனுப்பினேன், எங்கம்மாவுடையது. பையன் நிஜமாகவே கூப்பிட்டிருக்கிறான். அம்மா அரை மணி நேரம் பேசியிருக்கிறார். புத்தூரில் எந்தத் தெரு, தாத்தா பெயர் என்ன, கல்யாணம் ஆயிற்றா, எல்லாம் விசாரித்துவிட்டு, "நெலம் வாங்கறேங்கறியே, பணம் வச்சிருக்கியா தம்பி?" என்று கேட்டாராம்.

"இல்ல ஆயா, வாங்கறவங்க வேற இருக்காங்க."

"அப்ப அவங்க நம்பரக் குடு, நானே பேசிக்கறேன்."

இந்த வெள்ளிக்கிழமை அவன் சாப்பாட்டுக்கு வரவில்லை. கோபம் என்று கேள்வி. அடுத்த மாதம் எங்கள் வீட்டில்தான் கூடுகிறோம். நானே போய்க் கூப்பிட வேண்டும், அந்த நாற்பதாயிரத்தைத் திரும்பக் கேட்டு ஒரு கடிதம் எழுதிப் பார்ப்போமா என்றும் கேட்க வேண்டும்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை என்றால் சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு சிவில் வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்துப் பத்திரங்களைக் காட்டுங்கள். அந்த ஃபீஸில் பேரம் பேசாதீர்கள் :-)